இடுப்பு திரும்பட்டும், தம்பி!



இம்முறை ஒரு கடிதத்துக்கே பக்கம் முழுவதும் போய்விடும் போலிருக்கிறது. ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று கோல்ஃப் திடல். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது புல் வெட்டுகிறார். மகனுக்கும் அங்கேயே ‘கேடி’ வேலை. (பயப்படாதீர்கள்! ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவரைத்தான் அங்கே அப்படி அழைக்கிறார்கள்.) வேலையாட்கள் ஆட அனுமதியுள்ள நாளில் பையனும் மட்டையைப் பிடிக்கிறான்.

“பலமுள்ள பிள்ளை, ஐயா. ஆனாலும் பந்து தூரம் போவதில்லை. இரவானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். இரண்டு நாள் சம்பளமும் போயிற்று. ஆட்டத்தை விடச் சொல்லட்டுமா?” என்று கேட்கிறார்.

விடச் சொல்ல வேண்டாம். வலி அடங்கும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். நான் கோல்ஃப் ஆடியவனல்லன். பள்ளித் திடலில் பிள்ளைகளுக்குக் குண்டு எறியச் சொல்லிக்கொடுக்கிறவன். அங்கும் இதே கோளாறுதான். கையை மட்டுமே நம்புகிறார்கள்.

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராம்கூட இல்லை. அதை அடிக்கப் பயில்வான் புஜம் எதற்கு? வேண்டியது மட்டை நுனியின் வேகம். பெரிய போட்டிக்காரர்களின் மட்டை நுனி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. சாட்டையை நினைத்துப் பாருங்கள். பிடி முதலில் அசைகிறது. நுனி கடைசியில்தான் ‘சுளீர்’ என்கிறது. இதுவும் அப்படியே. வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் கொண்டுபோகையில் தோள் ஏறத்தாழ 90 பாகை திரும்பும். இடுப்பு அதில் பாதி. இறக்கும்போது பாரம் இடக்காலுக்கு மாற, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். அப்புறம் மார்பு, அப்புறம் கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் மட்டை. வார இறுதி ஆட்டக்காரர் பலருக்கு இந்த வரிசை தலைகீழ். இடுப்பு சும்மா நிற்க, தோளும் கையும் முந்திப் பாய்கின்றன. பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போகிறது.

வலிக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ‘திரும்பு’ என்றால் பலர் அடிமுதுகை முறுக்குகிறார்கள். அடிமுதுகின் 5 முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10, 12 பாகைதான் திரும்பும். மீதியைத் தொடை மூட்டும் நெஞ்சுப் பகுதி முதுகும் தர வேண்டும். அவை தராவிட்டால் அடிமுதுகு என்ன செய்யும், பாவம்! பால் வெட்டும் நம் பெண்களைப் பாருங்கள். மரத்தைச் சுற்றி வெட்டு இறங்க இறங்க, காலை எடுத்து வைத்து நகர்வார்கள். நின்ற இடத்தில் இடுப்பை முறுக்குவதில்லை.

பென் ஹோகன் என்ற அமெரிக்கரை உங்கள் மகன் கேள்விப்பட்டிருக்கலாம். டெக்சாஸில் ஒரு கொல்லரின் மகன். தகப்பனை இழந்து, 11 வயதில் கேடியாகப் பை சுமந்தவர். 1949 பிப்ரவரியில் அவருடைய கார்மீது பேருந்து மோதி இடுப்பெலும்பு முறிந்தது. மீண்டும் நடப்பாரா என்றே ஐயப்பட்டார்கள். 1950 ஜூனில் கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு அமெரிக்க ஓபன் போட்டியை வென்றார்! 1957இல் வந்த அவருடைய பாடப் புத்தகம், மட்டை இறங்குவதை இடுப்பே தொடங்கி வைக்க வேண்டும் என்கிறது. இடுப்பு முறிந்தவர் சொன்னது ஐயா, இது.

வலி அடங்கியபின் வீட்டு வாசலிலேயே பழகலாம். துடைப்பக் கட்டையைத் தோளுக்குத் தோள் மார்பில் குறுக்காக அணைத்து, பாதங்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை இளக்கி மெல்லத் திரும்பட்டும். இடது குதிகால் எழுந்தால் எழட்டும். உடம்பு இறுகியவர்களுக்கு அதுதான் நல்லது. நாளுக்கு 20 முறை போதும். மட்டை பிறகு, அதுவும் பாதி வேகத்தில்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ தைலத்தோடு நின்றுவிடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மற்றபடி, அடுத்த கடிதத்தில் பந்து எங்கே போய் விழுந்தது என்று மகனையே எழுதச் சொல்லுங்கள்.