பின் சக்கரமும் திருப்பும்

நம்ம திருவண்ணாமலை மாடவீதியில தேரைத் திருப்புறதைப் பார்த்திருப்பீங்க. ஸ்டியரிங்கா இருக்கு? சக்கரத்துல முட்டுக்கட்டை போட்டே அவ்வளவு பெரிய ரதத்தையும் திருப்பிடுறாங்க. சக்கரம் போற பக்கம்தான் வண்டி.

வீட்டுலயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுறவங்க இதை மறந்துடறாங்க. இன்ஜின் பவர், கேம்பர்னு மணிக்கணக்கா பேச்சு. பின்சக்கர டோவை அளக்கறதே இல்லை. மாருதி 800 இன்ஜினை வச்சே ரேஸ் கார் கட்டிக் காட்டினவர் கோவை கரிவரதன். பவர் குறைஞ்சா லேட்டாத்தான் போவோம். பின்சக்கரங்கள் முன்பக்கமா வெளியே விரிஞ்சிருந்தா, வளைவுல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்ததும் வால் சுத்திடும். உயிர் சமாச்சாரம்!

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனா? டிரைவரை உட்கார வச்சு, காரோட நடுக்கோட்டுக்கு இணையா ரெண்டு பக்கமும் நூல் கட்டுங்க. ரிம்மோட முன்விளிம்பு ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் உள்வாங்கி இருக்கட்டும். கேம்பரைவிட டோதான் முக்கியம். நான் சொல்றது சரிதானே?