உப்புக்காற்றில் சூடேறும் மின் இணைப்புகள்

பெறுநர்: மேற்பார்வைப் பொறியாளர், ராமநாதபுரம் மின் பகிர்மான வட்டம்



மாரியூருக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் மாரியூர் – வாலிநோக்கம் மண்ணில்தான் உப்பு விளைவிக்கிறது. எங்களுக்குச் சோறு போடும் அந்த உப்பே மின்கம்பத்து இணைப்புகளை அரிக்கிறது.

மின்சாரம் ஓடும் கம்பி சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும், தடை கூடினால் சூடும் கூடும் என்று 1841-இலேயே ஜேம்ஸ் ஜூல் கணக்குச் சொல்லிவிட்டார். நல்ல கம்பியில் இந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஆபத்து இருப்பது இணைப்பில். அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் அரிபடும், தடை ஏறும். 0.1 ஓம் தடை ஏறிய இணைப்பில் 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 40 வாட் சூடு பிறக்கிறது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயனுக்கு 25 வாட் போதும்.

அதோடு நிற்பதில்லை. செம்பின் சூடு 100 டிகிரி கூடினால் அதன் தடை ஏறத்தாழ 39 சதவீதம் ஏறும். சூட்டில் விரிந்தும் ஆறிச் சுருங்கியும் இணைப்பின் பிடி தளரும், அரிப்பும் வேகமெடுக்கும். தடை சூட்டை ஏற்ற, சூடு தடையை ஏற்ற, ஒரு கட்டத்தில் கைமீறிப் போகிறது. சாதாரண பிவிசி உறையோ 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது.

ஃபியூஸும் எம்சிபியும் இதைப் பிடிக்காது. அவை பார்ப்பது ஆம்பியரை, அது வழக்கமான 20 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் 2 வோல்ட் குறைந்தால் விளக்கும் மங்காது. லூஸ் காண்டாக்ட் கருகிய பிறகுதான் தெரிய வருகிறது. ஆகவே கேட்கிறோம்:

கோடைக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, கடலோர ஊர்களின் டிரான்ஸ்பார்மர், ஜம்பர், சர்வீஸ் இணைப்புகளைத் தெர்மல் கேமராவால் சோதியுங்கள். லோடு ஏறும் மாலை நேரத்தில் செய்யுங்கள், பகலில் பார்த்தால் பழுது ஒளிந்துகொள்ளும்.

செம்பும் அலுமினியமும் சேரும் இடங்களில் கையால் முறுக்கிக் கட்டுவதை நிறுத்தி, இரு உலோகத்துக்கும் பொருந்தும் கிளாம்ப், லக் மட்டும் போட லைன்மேன்களுக்குச் சரக்குக் கொடுங்கள். அரித்துப்போனதை இறுக்கினால் போதாது, மாற்ற வேண்டும்.

வரும் கோடைக்குள் முதல் சோதனையை மாரியூரில் தொடங்குங்கள். கருகல் வாடை வரும் பெட்டிகள் எந்தெந்தத் தெருவில் என்று காட்ட நாங்கள் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
மாரியூர் மின் நுகர்வோர் சார்பில்