வீட்டுக்குள் பீடி வேண்டாம்!

"என் காசு, என் பீடி, என் உடம்பு. உனக்கு என்ன வந்தது?"

புகை பிடிக்கிறவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள்.

காசு அவருடையதுதான். பீடியும் அவருடையதுதான். ஆனால், புகை அவரோடு நிற்பது இல்லையே!

அவர் ஊதுகிற புகை ஒன்று. பீடியின் நுனியில் இருந்து எழும்புகிற புகை மற்றொன்று. இரண்டும் வீட்டுக் காற்றில் கலக்கின்றன. அதைத்தான் மனைவி சுவாசிக்கிறாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சுவாசிக்கிறது.

புகையில் என்ன இருக்கிறது?

ஆயிரக்கணக்கான ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70, புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் உண்டு. ரத்தத்தில் பிராண வாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அதனால் இதயம் கஷ்டப்படும்.

சிகரெட், சுருட்டு, பீடி எல்லாம் ஒன்றுதான். "பீடி வெறும் இலைதானே" என்று எண்ண வேண்டாம். உள்ளே இருப்பது புகையிலை!

ஜப்பானில் ஆராய்ச்சி

ஜப்பானில் டாக்டர் ஹிராயமா, 91 ஆயிரத்துக்கும் அதிகமான மணமான பெண்களை 14 ஆண்டுகள் கவனித்தார். அவர்கள் புகை பிடிக்காதவர்கள். 1981-ல் முடிவை வெளியிட்டார்.

கணவர் அதிகமாகப் புகைத்தால், நுரையீரல் புற்றுநோயால் மனைவி சாகும் ஆபத்தும் அதிகமாக இருந்தது! பிறகு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளும் இதை உறுதிப்படுத்தின.

குழந்தைகளுக்கு இருமல், ஆஸ்துமா, நிமோனியா, காது நோய் வரலாம். கர்ப்பிணி இந்தப் புகையைச் சுவாசித்தால், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

வீட்டுச் சட்டம்

பொது இடங்களில் புகை பிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. பஸ்சில் புகைக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலும் கூடாது.

முன்பின் தெரியாதவர்களை இந்தச் சட்டம் காப்பாற்றுகிறது. பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வீட்டுக்குள் சட்டம் வருமா? வராது. வீட்டுக்கு வீட்டார்தான் சட்டம் போட வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது. அடுத்த அறைக்குப் போனாலும் புகை பின்னால் வரும். வாசலுக்கு வெளியே போவது முதல் படி. அடியோடு விடுவதே முடிவான வழி.

நிக்கோட்டின் பிடித்தால் லேசில் விடாது. ஆகவே, விட முயலுகிறவரைக் கேலி செய்யாதீர்கள். துணை நில்லுங்கள். 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

குழந்தைக்கு நல்ல துணி வாங்கித் தருகிறோம். நல்ல சாப்பாடு போடுகிறோம். நல்ல காற்றையும் கொடுப்போம். அதற்குக் காசு வேண்டாம். மனம் இருந்தால் போதும்!