கடனா, முதலா?

கரூர் வர்த்தகர்கள் எழுவர் 1926-ம் வருஷத்தில் தோற்றுவித்த லக்ஷ்மி விலாஸ் பாங்கி, 2020 நவம்பரில் மறைந்தது. நஷ்டத்தால் நலிந்த அந்த ஸ்தாபனத்தை ரிசர்வ் பாங்கியின் யோசனைப்படி சர்க்கார் டி.பி.எஸ். பாங்கியின் இந்திய ஸ்தாபனத்துடன் இணைத்தனர். டெபாஸிட் போட்டவர்கள் சில தினங்கள் ரூ.25,000-க்கு மேல் எடுக்க இயலாமல் தவித்தனரேனும், அவர்களுடைய பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதல் அடியோடு போயிற்று. லாபத்துக்கு உரியவர்கள் நஷ்டத்துக்கும் உரியவர்களே. ஆயின், இவ்விரு சாராருக்கும் நடுவே பாங்கிக்குக் கடன் கொடுத்த மூன்றாவது சாரார் இருந்தனர். அவர்களுடைய ரூ.318.20 கோடியும் இணைப்புக்கு முன்பே ரத்தாயிற்று. இதையே நாம் இன்று கவனிக்க விரும்புகிறோம்.

இப்பத்திரங்களுக்கு வட்டியும் தவணையும் உண்டு. அவ்வளவில் இவை கடனே. ஆனால், பாங்கி இனி நடவாது என்று ரிசர்வ் பாங்கி தீர்மானிக்கும் கணத்தில் கடன் தீர்ந்ததாகிவிடும் என்ற நிபந்தனையும் உண்டு. அவ்வளவில் இவை முதலே. சாதாரணக் கடனைவிடச் சற்று அதிக வட்டி கிடைப்பது இந்த அபாயத்துக்கு ஈடாகவேயாம்.

பாங்கிகள் ஏன் இதை நாடுகின்றன? தாம் கொடுத்த கடன்களின் அபாயத்தை அளந்து, நூற்றுக்கு 9 ரூபாயாவது மூலதனம் வைக்க வேண்டுமென்பது விதி. புதிய பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரரின் பிடி தளரும். பத்திரம் வெளியிட்டால் பிடியும் நிற்கும், மூலதனக் கணக்கும் நிரம்பும். ஆனால், வாராக் கடன் பெருகினால் இந்தக் கணக்கு எத்தனை நாள் நிற்கும்? லக்ஷ்மி விலாஸ் பாங்கி தொடர்ந்து மூன்று வருஷம் நஷ்டமடைந்தது; 2019-20-ல் மட்டும் நஷ்டம் ரூ.836 கோடி. நூற்றுக்கு 9 இருக்க வேண்டிய மூலதனம் 2020 ஜூனில் 0.17 ஆகி, செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று.

விதியை நாம் குறை கூறவில்லை. டெபாஸிட்தாரரைக் காக்க யாரேனும் நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும். வரி கொடுக்கும் ஏழையைவிட, அதிக வட்டி வாங்கியவர் ஏற்பதே முறை. ஆனால், அபாயத்தை அறிந்து ஏற்றவனிடம் மட்டுமே இந்த நியாயம் செல்லும். 2020 மார்ச்சில் எஸ் பாங்கி இதே இனத்தைச் சேர்ந்த ரூ.8,415 கோடிப் பத்திரங்களை ரத்துச் செய்தபோது, அவற்றை வாங்கியிருந்த தனி மனிதரும் நஷ்டமடைந்தனர். அதன் பின்னரே, அவ்வருஷம் அக்டோபரில், தவணையற்ற இத்தகைய பத்திரங்களைப் பெரிய ஸ்தாபனங்களுக்கே விற்கலாம் என்று செபி விதித்தது.

ஸ்தாபனங்கள் வாங்கினால் பொதுஜனங்களுக்குக் கவலையில்லை என்பார் உண்டு. இது தவறு. சேமநிதியும் ஸ்தாபனமே, அதில் இருப்பது தொழிலாளியின் வியர்வை.

ஆகவே நாம் கோருவது இரண்டு. இப்பத்திரம் முழுதும் ரத்தாகலாம் என்பதை அதன் முதல் பக்கத்திலேயே, வாங்குவோர் பாஷையில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு பாங்கியும் இத்தகைய கடன் எவ்வளவு, வட்டி என்ன, தவணை எப்பொழுது என்பதை வருஷந்தோறும் எளிய கணக்காக வெளியிட வேண்டும். லாபம் குறைந்துவர, இக்கடன் மட்டும் பெருகிவருமாயின், அதுவே அபாய அறிவிப்பு. அதைப் படிக்கும் உரிமை பணம் கொடுத்தவனுக்கு உண்டு. மறைக்கும் உரிமை வாங்கியவனுக்கு இல்லை.