தாத்தாவின் குரலுக்கு ஒரு பீரியட்!



எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தாத்தா பாம்பனில் வலை இழுத்தவர். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. அவர் குரல் நம்ம சிவில் இரண்டாமாண்டு வகுப்பில் ஒன்பது நிமிஷம் ஒலித்தது. அந்தக் கதையும், அதையொட்டி என் கோரிக்கை ஒன்றும்.

பாம்பன் ரயில் பாலம் தெரியாதவர் இங்கே யார்? 1914-ல் திறந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கே போன பாசஞ்சர் ரயில் கடலோடு போனது. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. இன்ஜினியர் இ.ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சீரமைத்தார்கள். பரீட்சைக்கு இது போதும். நானும் இப்படித்தான் உருப்போட்டிருந்தேன்.

"சார், எங்க தாத்தா அதைப் பார்த்தவரு" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப செல்லுல ரெக்கார்ட் பண்ணிட்டு வா" என்றார் சார்.

தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. "ராத்திரி பூரா கூரையைக் கயித்தால கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். விடிஞ்சு பார்த்தா தூணு மட்டும் வரிசையா நிக்குதுப்பா, மேல இரும்பைக் காணோம்!"

உண்மையைச் சொல்கிறேன், வகுப்பில் குரல் கேட்டதுமே பின்பெஞ்சில் சிரிப்பு. எங்க ஊர்ப் பேச்சு அப்படி. எனக்கு முகம் சுண்டிப்போச்சு. ஆனால் 'தூணு மட்டும்' என்ற இடத்தில் சார் நிறுத்தினார். "தூண் ஏன் நின்னுச்சு? கர்டர் ஏன் போச்சு?" பீரியட் முழுக்க அதே பேச்சுதான். அலை பக்கத்திலிருந்து மோதினால் என்ன, அடியிலிருந்து தூக்கினால் என்ன என்று போர்டில் படம் போட்டதே, அந்தச் சிரித்த ஆள்தான்!

"வயசானவங்க கூட்டிச் சொல்லுவாங்க, அதைப் பாடமா வைக்கலாமா?" என்கிறார்கள் சிலர். நியாயமான கேள்வி. ரயிலில் ஐநூறு பேர் என்றார் தாத்தா. எழுதப்பட்ட கணக்குகளில் நூற்றுச் சொச்சம் என்றே பெரும்பாலும் இருக்கிறது. அதனால் போர்டை இரண்டாகப் பிரித்தோம்: கண்டது, கேட்டது. தூண் கண்டது. ரயில் கேட்டது. கடலுக்குள் கர்டர் கிடந்த இடத்தைக் காட்டியது மீனவர்கள்தான் என்றாரே, அதையும் கேட்டதில்தான் போட்டோம். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சரிபார்க்கும் வரை அங்கேதான் இருக்கணும். "டிக்கெட் எடுக்காம ஏறினவங்க கணக்குல வருவாங்களா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். புத்தகத்தை மட்டும் படித்திருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றியிருக்குமா?

ஆனா ஒன்று, பேசியவரைக் கேட்காமல் போட்டுக் காட்டக் கூடாது. அந்தப் புயலில் போன தன் தங்கச்சியைப் பற்றித் தாத்தா இரண்டு நிமிஷம் பேசினார். "இதை எடுத்துருப்பா" என்றார். எடுத்துவிட்டேன்.

2025 ஏப்ரலில் புதுப் பாலமும் திறந்தாச்சு. புயல் நினைவிருப்பவர்களில் அநேகமாக எல்லோரும் எழுபதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் இந்த வருஷம் ஐந்து பெரியவர்களைப் பதிவு செய்யட்டும். பழைய மில் ஃபிட்டர், லேத் ஆபரேட்டர், கொத்தனார், யாராக இருந்தாலும் சரி. பெயர், ஊர், தேதி, அவர் சம்மதம் நான்கையும் எழுதி லைப்ரரியில் வைப்போம். ஆண்டு விழா மைக் செட்டுக்குச் செலவழிக்கிற யூனியன், ஒரு நல்ல மைக் வாங்கித் தரக் கூடாதா?

தாத்தா தெருவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் பாம்பன் பஸ் ஏறுகிறேன். யார் கூட வர்றீங்க?

– இரண்டாமாண்டு சிவில் மாணவன்