உழவர் காரியாலயங்களுக்குக் கட்டற்ற இயங்குதளம்

திருவண்ணாமலையிலும் அதைச் சுற்றியுள்ள செங்கம், போளூர் முதலிய ஊர்களிலும் உழவர் கூட்டு ஸ்தாபனங்களின் காரியாலயங்களில் கணிப்பொறி செய்யும் வேலை யாது? அங்கத்தினர் ஜாபிதா, கடிதங்கள், கொள்முதல் கணக்கு, விலை விவரம் இவ்வளவே. இவ்வேலைக்கு ஐந்தாறு வருஷத்திய யந்திரம் தாராளமாய்ப் போதும். எனினும் 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 என்பதோ, ஏறக்குறைய 2018-க்கு முற்பட்ட யந்திரங்களில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. பழுதில்லாத யந்திரத்தை இக்காரணம் பற்றித் தள்ளிவிட்டு, அங்கத்தினரின் பங்குப் பணத்தைப் புதியதில் முடக்குவது உசிதமன்று என்பதே எமது அபிப்பிராயம். அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம்.

கட்டற்ற மென்பொருள் என்பதன் தாத்பரியம் குடியானவருக்கு எளிதில் விளங்கும். விளைந்ததில் விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், அயலாருடன் மாற்றிக்கொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ம் வருஷத்துப் பயிர் இரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஒப்புக்கொள்ளுகிறது. 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு முயற்சியும், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் மென்பொருளில் இத்தகைய உரிமையையே நிலைநாட்டின. பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். விலை இல்லை என்பது இரண்டாவது லாபமே.

நம் மாநிலத்திற்கு இது புதிதன்று. திரு. உமாசங்கர் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் லினக்ஸைக் கைக்கொண்டது. 2007-ல் சென்னை சி-டாக் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை இந்திய பாஷைகளுக்கு இசைய வெளியிட்டது. 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் அது விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. அப்படியிருந்தும் காரியாலயங்களில் அது வேரூன்றவில்லை. கருவியைக் கொடுத்தார்கள், பழக்குவோரைக் கொடுக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. கேரளத்தில் ஆசிரியர்களைப் பயிற்றிப் பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதியதால் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்தது. ஜெர்மனியின் ம்யூனிக் நகரசபை 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, சுமார் 15,000 யந்திரங்களை மாற்றியும், 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஆகவே எல்லாம் தானே நடக்குமென்று எண்ணுவது பிசகு.

இடையூறுகளையும் சொல்ல வேண்டும். டாலி கணக்கு முறை விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. டிஜிட்டல் கையொப்பச் சாதனங்கள் சில லினக்ஸில் தகராறு செய்யும். இவற்றுக்காக விண்டோஸ் 11 உள்ள யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை மாற்றுவதே விவேகம். இவற்றிலும் பெரிய தொல்லை பழைய தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் முதலியவற்றில் அடித்த கடிதங்கள் யூனிகோடுக்கு மாற்றப்படாவிடில், அவ்வெழுத்துரு இல்லாத யந்திரத்தில் திறக்கும்போது வெறும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். நம் சர்க்கார் 2010-லேயே யூனிகோடை அங்கீகரித்துவிட்டதால், எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இவ்வேலையை இனியும் ஒத்திப்போடலாகாது. கடிதத்திற்கும் கணக்குத்தாளுக்கும் லிப்ரே ஆபீஸ் போதுமானது.

முதலில் கணக்குகளைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துக. பிறகு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, யந்திரத்தில் நிறுவாமலே சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். அச்சு யந்திரம் இணங்குகிறதா என்பதையும் அப்பொழுதே அறியலாம். பௌர்ணமி, கார்த்திகை தீபக் கூட்டத்தில் வெளியூர் மெக்கானிக் நகருக்குள் வந்து சேர்வது எளிதன்று. ஆதலால் காரியாலயக் குமாஸ்தாவையே இதில் பழக்க வேண்டும். அவருக்கு இரண்டு வாரமாவது ஓய்வான வேளை ஒதுக்குக. மணிலாக்கொட்டை வரத்து மிகுந்த மாதத்தில் இம்மாற்றத்தைத் தொடங்கலாகாது.