செவிலியர் இடம் வெறுமையாகலாமா?

செவிலி என்னுஞ் சொல் நேற்று முளைத்ததன்று. தலைவியைப் பெற்றவளை நற்றாய் என்றும், வளர்த்துப் பேணியவளைச் செவிலித்தாய் என்றும் அழைத்தனர் பழந்தமிழர். மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவரும், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பேணுவானையும் நான்காங் கூறாக வைத்தார். நான்கில் ஒன்று குறையினும் மருத்துவம் ஊனமுறும் என்பது அதனாற் பெறப்படும். ஆயின், இற்றைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அந் நான்காங் கூறே தேய்ந்து வருகின்றது.

அத் தேய்வு யாரைத் தாக்கும்? வடசென்னையைப் பாருங்கள்! காசிமேட்டு மீனவரும், துறைமுகச் சுமையாளரும், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் இரவென்றும் பகலென்றும் முறைமாற்றி உழைப்போரும் நம்பி வருவது எவற்றை? 1782-ஆம் ஆண்டுப் பஞ்சக் காலத்துக் கஞ்சிச் சத்திரத்தில் வேர்கொண்டு, ‘கஞ்சித்தொட்டி மருத்துவமனை’ என்றே மக்கள் வாயில் வழங்கிய இசுடான்லி மருத்துவமனையையும், இராயபுரம் இராமசாமி முதலியார் மகப்பேற்று மருத்துவமனையையும், தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையையுந்தாம். பணம் படைத்தவனுக்கு நூறு வாயில்கள். உழைப்பாளிக்கு இவையே வாயில்கள்.

2023 திசம்பரில் எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தைக் கருக்கியது. அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர் மக்கள். அத்தகைய இரவுகளில் உயிர்வளி பொருத்தவும், மூச்சை எண்ணவும், விடியும்வரை விழித்திருக்கவும் வேண்டியவர் யார்? செவிலியரே!

ஒரு செவிலியர் பணியில் அமரும் அன்றே அவர் ஓய்வுபெறும் நாளும் ஏட்டில் எழுதப்பட்டு விடுகின்றது. அவ்வாறிருக்க, ஓய்வினால் இடம் வெறுமையாகிவிட்டது என்பது புயலும் வெள்ளமும் போல் வந்த இடரா? அன்று, அறிந்தே வரவிட்ட குறை.

2020 மே திங்களில் தமிழக அரசு ஓய்வு அகவையை 58-இனின்று 59 ஆக்கியது. 2021 பிப்பிரவரியில் 60 ஆக உயர்த்தியது. அதனால் ஏறத்தாழ ஈராண்டுக்காலம் அகவை முதிர்வால் ஓய்வுபெறுவது நின்றது. 2022 மே இறுதியில் அம் மடை மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஈராண்டும் புதியவரை அமர்த்திப் பழக்குதற்குக் கிடைத்த அரிய காலம். நடந்தது என்ன? கொரோனாக் கொடுநோயின்போது உயிரைப் பணயம் வைத்துப் பணிசெய்த ஒப்பந்தச் செவிலியர் 2,400-க்கும் மேற்பட்டோரை 2022 திசம்பர் 31-ஆம் நாளோடு வெளியேற்றினர்! மூத்தோர் ஒருபுறம் விடைபெற, பழகிய இளையோரை மறுபுறம் விரட்டுவது எவ்வகை ஆட்சித்திறம்?

இது புதிதுமன்று. 2015-இல் தேர்வெழுதி வென்று வந்த செவிலியர்க்குத் திங்களுக்கு 7,700 உருபாவே தொகுப்பூதியம். ஈராண்டில் பணி நிலைப்படும் என்ற சொல்லை நம்பி உழைத்தவர்கள், அது நிறைவேறாமையால் 2017 நவம்பரில் சென்னையில் அமர்ந்து போராட வேண்டியதாயிற்று. நிலையற்ற பணியில் எவர் நிலைத்து நிற்பார்? படித்த நம் பெண்கள் அரபு நாடுகட்கும் ஆங்கில நாட்டிற்கும் செல்வதைக் குறைகூற நமக்கு என்ன தகுதியுண்டு? 2023-இல் உலகில் 58 இலக்கம் செவிலியர் குறைவென உலக நலவாழ்வு அமைப்பு கணித்துள்ளது. உலகமே கைநீட்டி அழைக்கும்போது, இங்கோ வாயிற்கதவைச் சாத்துகின்றனர்!

முப்பதாண்டு பணிசெய்த ஒருவர் விடைபெறும்போது ஊதியப் பட்டியலில் ஒரு பெயர் மட்டுமா நீங்குகின்றது? தீப்புண் பட்ட கையிலும் குருதிக்குழாய் காணும் விரல் நீங்குகின்றது. மகப்பேற்று வலியின் போக்கறிந்து மருத்துவரை உரிய நேரத்தில் அழைக்கும் அறிவு நீங்குகின்றது. பயிற்சிக்கு வந்த இளம்பெண்ணின் நடுக்கந் தணிக்கும் சொல் நீங்குகின்றது. பட்டறிவு ஏட்டில் எழுதி ஒப்படைக்குஞ் சரக்கன்று, உடனிருந்து கற்பது. எஞ்சியோர் ஒருவரே இருவர் சுமையைத் தாங்குகின்றனர், களைத்த கண் மருந்தளவைத் தவறப் படித்தால், பழி அவர்மேல், இழப்பு ஏழைமேல்!

எனவே, அரசுக்கு நம் வேண்டுகோள் தெளிவானது. ஓய்வுபெறுவார் இடத்திற்கு ஆறு திங்கட்கு முன்பே ஒருவரை அமர்த்தி, மூத்தவரோடு இணைந்து பணியாற்றச் செய்க. ஒப்பந்தச் செவிலியரை நிலைப்படுத்தி உரிய ஊதியம் வழங்குக. கற்பிக்கும் மருத்துவமனையின் பொதுப்பிரிவில் மூன்று படுக்கைக்கு ஒருவர் என்னும் இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவை ஏட்டளவில் நிறுத்தாது செயற்படுத்துக. ஒவ்வொரு பிரிவின் வாயிலிலும், இருக்க வேண்டிய செவிலியர் எத்துணையர், இருப்பவர் எத்துணையர் என எழுதி வைக்க; மக்கள் அறியட்டும்!

கட்டடம் எழுப்பிக் கல்வெட்டில் பெயர் பொறிப்பது எளிது. அக் கட்டடத்துள் நள்ளிரவில் நோயர் ‘அம்மா’ என்று முனகும்போது வந்து நிற்க ஒருவர் வேண்டும். அவரை அமர்த்தாத ஆட்சி, மருத்துவமனை நடத்துகின்றது என்பது வெறுஞ்சொல். உழைப்போரே, இதனை உங்கள் தெருவிலும் தொழிற்சங்கத்திலும் உரக்கப் பேசுங்கள்! கேளாதவர்க்குக் கிடைப்பதில்லை.